அடலிமுமாப் ஊசி: முடக்குவாத நோயாளி ஒருவரின் மதிப்பீடு

முடக்குவாதத்துக்கு வழக்கமாக முதலில் தரப்படும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை மட்டும் போதாமல் போனபோது மூட்டுவாத நிபுணர் எனக்குப் பரிந்துரைத்த மருந்து அடலிமுமாப். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 40 மில்லிகிராம் அளவில், தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் நாமே போட்டுக்கொள்ளலாம். காலையில் விரல்களை மடக்க முடியாமல் கழியும் நேரம் வெகுவாகக் குறைந்தது. மணிக்கட்டு வீக்கமும் வடிந்தது.

இந்த மருந்து கட்டிப்போடுவது டி.என்.எஃப். ஆல்ஃபாவை. நோயெதிர்ப்பு அணுக்கள் தமக்குள் செய்தி அனுப்பச் சுரக்கும் சைட்டோகைன் புரதங்களுள் அதுவும் ஒன்று. முடக்குவாதத்தில் மூட்டின் உட்சவ்வில் குவியும், கிருமிகளை விழுங்கும் வகையான மேக்ரோபேஜ் அணுக்கள் அதை ஓயாமல் சுரக்க, அது இன்டர்லூக்கின்-1, இன்டர்லூக்கின்-6 ஆகிய பிற சைட்டோகைன்களையும் தூண்டிவிட, கடைசியில் எலும்பே அரிக்கப்படுகிறது. இத்தனை சைட்டோகைன்கள் இருக்கையில் ஒன்றை மட்டும் அடக்கிப் பயனுண்டா என்ற ஐயத்தை லண்டனில் ஆய்வாளர்கள் மார்க் ஃபெல்ட்மனும் ரவீந்தர் மைனியும் 1990-களில், டி.என்.எஃப்.-ஐ அடக்கும் மற்றொரு மருந்தான இன்ஃப்ளிக்சிமாப் கொண்டு நடத்திய சோதனைகள் தீர்த்துவைத்தன. அடலிமுமாப் 2002 இறுதியில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்தியாவில் 2014-இல் சைடஸ் நிறுவனம் இதன் பயோசிமிலரை, அதாவது மூல மருந்தை மிக நெருக்கமாக ஒத்த மருந்தை, கொண்டுவந்த பிறகு விலை இறங்கியது. ஆனாலும் மாதச் சம்பளக் குடும்பத்துக்கு இது பெரிய செலவுதான்.

வாங்குவதற்கு முன் அறியவேண்டிய முக்கியமான செய்தி காசநோய் பற்றியது. நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி உடல் எழுப்பும் அரண் குலையாமல் நிற்க அதே டி.என்.எஃப். தேவை, அதை அடக்கினால் பழைய கிருமி விழித்துக்கொள்ளலாம். நம் நாட்டில் இது ஏட்டளவு எச்சரிக்கை அன்று. ஆகவே மார்பு எக்ஸ்ரேயும், காசநோய்க் கிருமி உடலில் உள்ளதா என்று காட்டும் மாண்டூ தோல் சோதனை அல்லது இக்ரா ரத்தப் பரிசோதனையும் முடியாமல் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளவே கூடாது. இக்ரா அளப்பதும் ஒரு சைட்டோகைனையே, அதாவது இன்டர்ஃபெரான் காமாவை. ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் அவசியம். உயிருள்ள கிருமிகள் கொண்ட தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் ஆகாது.

சிட்ரேட் என்னும் உப்பு சேர்ந்த தயாரிப்புகள் உள்ளே இறங்கும்போது நன்றாகவே எரியும். சிட்ரேட் இல்லாத வகை கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் குளிரில் வைக்கவேண்டிய மருந்து என்பதால், மின்வெட்டு மிகுந்த ஊர்களில் சேமிப்பதற்கு முன்னேற்பாடு வேண்டும். சிலருக்கு உடலே இம்மருந்துக்கு எதிராக ஆன்டிபாடி உருவாக்கி, நாளடைவில் பலனைக் குறைத்துவிடுகிறது. மெத்தோட்ரெக்சேட்டைத் தொடர்ந்தால் அந்த வாய்ப்பு குறைகிறது என்பதால் நான் அதை நிறுத்தவில்லை. காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ இருக்கும் வாரத்தில் மருத்துவரைக் கேட்காமல் ஊசியைக் கையில் எடுப்பதும் இல்லை.