குற்றவாளி மதமா, மதத்தைக் கையிலெடுத்தவனா?

மதத்தின் பேரில் நடக்கும் கொலைகளுக்கு மதமே காரணம் என்பவர்களுக்கு 1095 வலுவான சாட்சி. பிரான்சின் கிளெர்மோன்டில் போப் இரண்டாம் அர்பன், ஜெருசலேமை முஸ்லிம்களிடமிருந்து மீட்கும் சிலுவைப் போருக்கு அழைத்தார். போனால் பாவப் பரிகாரம் முடிந்ததாகக் கணக்கு. துணியில் வெட்டிய சிலுவையை உடுப்பில் தைத்துக்கொண்டு கிளம்பினார்கள். 1099-இல் ஜெருசலேமுக்குள் புகுந்து முஸ்லிம்களையும் யூதர்களையும் கொன்று குவித்தார்கள். நிலத்தாசையும் கொள்ளையாசையும் இருந்திருக்கும். ஆனால் கொலையைப் புண்ணியக் கணக்கில் எழுத வைத்தது எது?

மதம் வெறும் சாக்கு என்பவர்கள் ஐரோப்பாவின் முப்பதாண்டுப் போரைக் காட்டுவார்கள். 1618-இல் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் சண்டையாகத் தொடங்கியது. 1635-இல் கத்தோலிக்க பிரான்ஸ் புராட்டஸ்டன்ட் ஸ்வீடனோடு சேர்ந்து கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் அரசோடு மோதியது. முடிவெடுத்த பிரெஞ்சு முதன்மை அமைச்சர் ரிஷ்லியூ ஒரு கார்டினல், கத்தோலிக்கத் திருச்சபையின் உயர் குரு! கம்போடியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சியான கெமர் ரூஜ் (1975–79) மதத்தையே ஒடுக்கிவிட்டு லட்சக்கணக்கானோரைச் சாகடித்தது.

என் பார்வையில் இரண்டாம் தரப்பு பாதிதான் சரி. மதமில்லாமலும் கொல்லலாம் என்பதை அது காட்டுகிறது. மதம் நிரபராதி என்பதை அல்ல. ‘உண்மையான பக்தன் கொல்லமாட்டான்’ என்று நழுவுவதும் எடுபடாது. முதல் தரப்பும் ஒன்றை விழுங்கிவிடுகிறது: 1096-இல் ஜெர்மனியின் ஸ்பெயர் நகர யூதர்கள்மேல் சிலுவைப் படையினர் பாய்ந்தபோது, பெரும்பாலானவர்களைக் காப்பாற்றியவர் அந்த ஊர் பிஷப்.