ஸ்பானிய உயிரொலிகள்: ஆங்கிலச் சொல்லை வைத்தா, காதை வைத்தா?

ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிய உயிரொலிகளைப் பழக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பயணக் கையேடுகள் காட்டும் வழி: ‘அ’ என்றால் ‘ஃபாதர்’ என்பதில் வருவது, ‘எ’ என்றால் ‘சே’ (say) என்பதில் வருவது, ‘ஒ’ என்றால் ‘நோ’ (no) என்பதில் வருவது. மற்றொன்று, ஐந்து ஒலிகளையும் தனித்தனியாகக் கேட்டு, வாயை அசைக்காமல் நிறுத்திச் சொல்லிப் பழகுவது.

முதல் வழி ஐந்து நிமிடத்தில் கைவரும். காபி கேட்கவும் வழி விசாரிக்கவும் அது போதும். ஆனால் ஆங்கிலச் ‘சே’ பாதியில் ‘இ’யை நோக்கி நழுவுகிறது; ‘நோ’வின் முடிவில் உதடு குவிகிறது. ஸ்பானியத்தில் இந்த நழுவலே பொருளை மாற்றிவிடும். ‘பெனா’ என்றால் துயரம். ‘பெய்னா’ என்றால் தலை வாருகிறாள்.

இதைவிடப் பெரிய சேதம் அழுத்தம் இல்லாத அசைகளில்தான். ஆங்கிலம் அவற்றை விழுங்கிவிடும். கனடா என்ற பெயரை ஆங்கிலத்தில் சொல்லும்போது கடைசி இரண்டு உயிரொலிகளும் மங்கிப்போகின்றன. ஸ்பானியத்தில் மூன்றும் ஒரே தெளிவோடு ஒலிக்கும். ‘அப்லோ’ என்றால் பேசுகிறேன், ‘அப்லா’ என்றால் பேசுகிறாள். கடைசி உயிரொலியை மங்கவைத்தால் பேசுவது யார் என்றே தெரியாது! எந்தச் சொல் ஒப்புமையும் இதைக் கற்றுத்தராது. கேட்டுப் பழகினால்தான் திருந்தும்.

இரண்டாவது வழி தொடக்கத்தில் சலிப்புத் தரும்தான். ஆனாலும் அதையே பரிந்துரைப்பேன். ஆங்கிலத்தோடு தமிழும் அறிந்தவருக்கு இது இன்னும் எளிது. ‘செடி’, ‘கொடி’ என்னும்போது வரும் எ, ஒ நழுவாத ஒலிகள், அங்கிருந்தே தொடங்கலாம்.