புளிப்பு கரைத்த பல்லுக்கு எந்தச் சூயிங்கம்?

பல் கூசுகிறது, எந்தச் சூயிங்கம் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, சொத்தையா, புளிப்பா என்பதைத்தான். சொத்தையில் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடுகின்றன. கோலாவுக்கும் எலுமிச்சைச் சாறுக்கும் நெஞ்செரிச்சலில் மேலேறும் இரைப்பை அமிலத்துக்கும் கிருமியே தேவையில்லை, பல்லின் கெட்டியான மேலோடான எனாமலை நேராகக் கரைக்கும். புளிப்பைக் காட்டும் அளவான பிஎச் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினாலே கரைதல் தொடங்கிவிடும். கோலாவின் பிஎச் 2.5 பக்கம்.

கரைந்து போன எனாமல் போனதுதான். எந்தச் சூயிங்கமும் அதை மறுபடி வளர்க்காது. ஆனால் மிஞ்சிய பரப்பில் ஒரு மெல்லிய படலம் இளகிப்போய் இருக்கும். அதற்குள் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்ப ஏறலாம். சூயிங்கம்களை ஒப்பிடுவதெல்லாம் அந்தப் படலத்தை வைத்துத்தான்.

கடையில் எளிதாகக் கிடைப்பது, சர்க்கரைக்குப் பதிலாகச் சார்பிட்டால் என்ற இனிப்பைப் போட்ட சர்க்கரையில்லாச் சூயிங்கம். இதில் வேலை செய்வது மெல்லும் நம் வாய்தான். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் ஊறும் உமிழ்நீர், மெல்லும்போது பல மடங்காகும். அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டும் அதில் கூடும். சாப்பிட்டபின் 20 நிமிடம் மென்றால் போதும். மலிவு என்பதற்காக இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். 1992 முதல் சூயிங்கத்துக்குத் தடை உள்ள சிங்கப்பூரிலேயே, பல்லுக்கு நல்லது செய்யும் சர்க்கரையில்லா வகைகளை மருந்தாளர்களும் பல் மருத்துவர்களும் விற்க 2004-இல் வழிவிட்டார்கள்.

அடுத்தது சைலிட்டால் என்ற இன்னொரு மாற்று இனிப்பு போட்டது. 1970-களில் பின்லாந்தின் துர்கு நகரில் நடந்த ஆய்வுகள் இதற்குப் பேர் வாங்கித் தந்தன. சொத்தைக் கிருமியால் இதைச் செரிக்க முடியாது. நல்ல குணம்தான், ஆனால் அது சொத்தைக்கான குணம். புளிப்பால் தேய்ந்த பல்லுக்கு இது சார்பிட்டாலை விடப் பெரிதாக எதுவும் தருவதில்லை. அதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: சைலிட்டால் நாய்க்கு விஷம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் எரிக் ரெனால்ட்ஸ் குழு உருவாக்கிய சிபிபி-ஏசிபி என்ற பால்புரதக் கலவை சேர்த்த சூயிங்கம் அது; அந்தக் கலவையின் வணிகப் பெயர் ரீகால்டென்ட். பாலில் உள்ள கேசின் என்ற புரதத்தின் சிறு துண்டுகள், கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கட்டியாக விடாமல் தாங்கிப் பிடித்துப் பல்லருகே கொண்டுவந்து சேர்க்கின்றன. எனாமல் துண்டுகளை வாய்க்குள் பொருத்திச் செய்த சோதனைகளில், அமிலத்தால் இளகிய பரப்புக்குச் சாதாரண சூயிங்கத்தை விட இது அதிகக் கெட்டித்தன்மையைத் திருப்பித் தந்திருக்கிறது. எல்லாச் சோதனைகளும் ஒரே அளவு பலன் காட்டவில்லை என்பதும் உண்மை. பால் புரதம் ஒவ்வாதவர்கள் இதைத் தொடவே கூடாது.

சரி, புளோரைடு பற்பசை இருக்கச் சூயிங்கம் எதற்கு? பற்பசைக்கு மாற்றாக நான் இதைச் சொல்லவே மாட்டேன். புளிப்புத் தேய்மானத்துக்கு ஸ்டானஸ் புளோரைடு (வெள்ளீயம் சேர்ந்த புளோரைடு) உள்ள பற்பசைதான் முதல் துணை. ஆனால் எலுமிச்சை சோடா குடித்த கையோடு பிரஷ்ஷை எடுத்தால் இளகிய படலம் உரசலில் போய்விடும். அந்த நேரத்தில் வாயைத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுச் சூயிங்கம் மெல்லுங்கள். அப்புறம் அரைமணி, ஒரு மணி கழித்துப் பல் தேய்க்கலாம்.

எதை வாங்கினாலும் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சர்க்கரை இல்லை என்று முன்பக்கம் போட்டிருக்கும் பழச்சுவைச் சூயிங்கம் சிலவற்றில் சிட்ரிக் அமிலம் இருக்கும், 330 என்ற எண்ணில். தேய்ந்த பல்லுக்கு மேலும் புளிப்பு ஊட்டுவது எனக்குச் சம்மதமில்லை, புதினாச் சுவையே போதும்.

தாடை மூட்டு வலிப்பவர்களுக்கு மெல்லுவதே ஆகாது. பால் ஒத்துக்கொள்ளும் என்றால் அவர்கள் புளிப்புக்குப் பின் ஒரு வாய் பாலோ சிறு துண்டு சீஸோ எடுத்துக்கொள்ளலாம். கேசினும் கால்சியமும் அதிலேயே இருக்கின்றன.