358ஐக் கழற்றி, திரும்ப 358க்கே வந்த கதை

ஏறாவூர் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், ஒத்தை சப்ளையில ஓடுற போர்டு. 358ஐக் கழட்டிட்டு என்னத்தப் போடுற?" 358 என்றால் எல்எம்358, சின்ன வோல்ட்டைப் பெருக்கித் தரும் ஒப்-ஆம்ப் சிப். ஒத்தை சப்ளை என்றால் மைனஸ் வோல்ட் இல்லாமல் பிளஸ்ஸும் தரையும் மட்டும். மூன்று வருடமாக என் வீட்டுத் தண்ணீர் டாங்கில் இந்தச் சிப்போடுதான் மல்லுக்கட்டுகிறேன். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

கல்லடியில் எங்கள் வீட்டு மாடியில் 1000 லீட்டர் டாங்க். அழுத்த உணரி 0 முதல் 1 வோல்ட் தரும். அதை நாலரை மடங்காக்கி மைக்ரோகன்ட்ரோலருக்குக் கொடுக்க எல்எம்358 போட்டிருந்தேன், 5 வோல்ட்டில். டாங்க் நிரம்பி வழியும், திரையில் 80 வீதம் என்றே நிற்கும், மோட்டர் நிற்காது. மீற்றரை வைத்துப் பார்த்தால், 4.5 வர வேண்டிய இடத்தில் 3.6 வோல்ட். 358இன் வெளியீடு பூச்சியத்துக்குக் கிட்ட வரை நன்றாக இறங்கும், ஆனால் மேலே சப்ளைக்கு ஒன்றரை வோல்ட் குறைவாகவே நின்றுவிடும். அந்த ஒன்றரை வோல்ட் என்னை எரிச்சல்படுத்தியதுபோல வேறெந்தச் சிப்பும் படுத்தியதில்லை.

"கால் எல்லாம் ஒன்றுதான், மாற்றிப் போடுங்க" என்று ஒரு கடையில் டிஎல்072 தந்தார்கள். கால் ஒன்றுதான், குணம் வேறு. அதன் உள்ளீடு தரை மட்டம், அதாவது 0 வோல்ட், வரை வேலை செய்யாது. உள்ளீடு கீழே போனதும் வெளியீடு தலைகீழாக மேலே பாய்ந்தது. டாங்க் காலி, திரையில் நிறைவு! ஒத்தை 5 வோல்ட்டுக்கு அதைத் தயவுசெய்து யாரும் போடாதீர்கள்.

அப்புறம் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து எம்சிபி6002 என்ற இன்னொரு ஒப்-ஆம்ப் எடுப்பித்தேன். அதே எட்டுக் கால், அதே சொக்கட். உள்ளீடும் வெளியீடும் தரையிலிருந்து சப்ளை வரை போகும், விளிம்புக்குச் சில மில்லிவோல்ட்தான் மிச்சம். முதல் நாள் டாங்க் நிறைய நிறையத் திரையும் 100க்கு வந்து மோட்டர் தானாக நின்றபோது மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு மாரி இரவு, பலத்த இடி. ரெகுலேட்டர் சோர்ட்டாகி சோலார் பற்றரியின் 12 வோல்ட் அப்படியே உள்ளே வந்தது. எம்சிபி6002க்கு 6 வோல்ட்தான் எல்லை, போய்விட்டது. கன்ட்ரோலரும் போனது, அதற்கு மாற்று கைவசம் இருந்தது. எம்சிபி மட்டக்களப்பில் நான் கேட்ட கடை எதிலும் இல்லை. தண்ணீரில்லாமல் எத்தனை நாள் இருப்பது? மேசையில் கிடந்த 358ஐச் செருகி, 20 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்களால் பெருக்கத்தை மூன்று மடங்காக்கினேன். நிறைவுக்கு 3 வோல்ட், கணக்கை கன்ட்ரோலரில் திருத்தினேன். சரியாக ஓடுகிறது. இந்தச் சிப் 32 வோல்ட் வரை தாங்கும்.

நியாயமாகச் சொன்னால் எம்சிபி மேல் பிழையில்லை. 6 வோல்ட் சிப்புக்கு 12 வோல்ட் கொடுத்தால் சாகத்தான் செய்யும். நான் பாவித்ததில் மிகச் சிறந்தது அதுதான். ஆனாலும் என் சொக்கட்டில் இனி 358தான்.

நண்பனுடைய போர்டு நேரடியாக 12 வோல்ட் பற்றரியில் ஓடுவது. வெளியீடு தரையிலிருந்து சப்ளை வரை முழு வீச்சும் கட்டாயம் வேண்டுமென்றால் 16 வோல்ட் வரை தாங்கும் டிஎஸ்912 சிப்பைப் பார்க்கச் சொன்னேன். சார்ஜாகும்போது பற்றரி 14.4 வரை ஏறும், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 5 வோல்ட் போர்டு ஏதும் இருந்தால், கொழும்பிலிருந்து பிந்தி வந்த இரண்டு எம்சிபி6002 என்னிடம் சும்மா கிடக்கின்றன, வந்து எடுத்துக்கொண்டு போகட்டும்.