செங்கோட்டை மில்லில் வால்நட் அறுத்தது

துப்பாக்கிக் கட்டைக்கு மரம் என்றால் பல மில்களில் ஜன்னல் பலகை அறுப்பது போல நினைத்து வேகமாக முடித்துவிடுவார்கள், செங்கோட்டையில் புளியரை ரோட்டில் உள்ள இந்த மில்காரர் அப்படியில்லை. ஏர் ரைஃபிளுக்காக நான் கொண்டுபோன வால்நட் தடியில் கவட்டைப் பகுதி இருந்தது, இறகு விரித்தது போன்ற கோலம் அங்கேதான் கிடைக்கும். அண்ணாச்சி தண்ணீர் தெளித்து ரேகை ஓடும் திசையைப் பார்த்தார், அப்புறம் கட்டையின் வடிவில் நான் வெட்டி வைத்திருந்த அட்டை அச்சைத் திருப்பித் திருப்பி வைத்துச் சாக்பீஸில் கோடு போட்டார். கோலம் தோளில் அண்டும் பின்பாகத்தில் விழ வேண்டும், கை பிடிக்கும் ஒல்லியான இடத்தில் ரேகை நீளவாக்கில் நேராக ஓட வேண்டும்; அங்கே குறுக்கே போனால் கட்டை அந்த இடத்தில்தான் முறியும். மெல்லிய பட்டை போல ஓடும் ரம்பமான பேண்ட்சா என்பதால் தூளாகப் போனதும் குறைவு. கனம் 2.5 அங்குலம், பட்டையை ஒட்டியிருக்கும் வெளிர் நிற மரமான ஓரத்து வெள்ளையையும் சுத்தமாகக் கழித்துவிட்டார். அருமையான வேலை!

குறை என்றால், அறுத்த முனைகளில் மெழுகு பூசித் தருவதில்லை. பச்சை மரம் முனை வழியாகத்தான் சீக்கிரம் காயும், வெடிப்பும் அங்கேதான் தொடங்கும், அதனால் மெழுகைக் கையோடு கொண்டுபோய் அங்கேயே பூசிவிடுங்கள். ஈரம் 12 சதவீதம் அளவுக்கு இறங்கும்வரை உளியைத் தொடாதீர்கள்.