காந்தத் திரவக் குப்பி: வாங்கலாம், கண்ணாடியைப் பார்த்து வாங்குங்கள்

மூடிய கண்ணாடிக் குப்பி, உள்ளே தெளிந்த நீர்மம், அடியில் கன்னங்கரேலென்று கொஞ்சம் ஃபெரோஃப்ளூயிட் (காந்தம் இழுக்கும் திரவம்), கூடவே ஒரு நியோடிமியம் காந்தம். பெட்டியில் வருவது இவ்வளவுதான். கொஞ்ச நாளாக என் மேசையில் இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

காந்தத்தை மெதுவாகக் கிட்டே கொண்டுபோங்கள், அவசரப்பட்டால் நல்ல இடத்தைத் தவறவிடுவீர்கள். முதலில் திரவம் லேசாகப் புடைக்கும், பரப்பு வழவழவென்றே இருக்கும். இன்னும் கொஞ்சம் நெருங்கியதும் சட்டென்று முள்முள்ளாக எழுந்து நிற்கும். மேலும் நெருக்கினால் முட்கள் சிறுத்து நெருக்கமாகிவிடும். காந்தப்புலம் திரவத்தை வெளியே இழுக்கிறது, பரப்பு இழுவிசையும் எடையும் அதைத் தட்டையாகவே வைத்திருக்கப் பார்க்கின்றன, புலம் ஓர் எல்லையைத் தாண்டியதும் இழுப்பு ஜெயிக்கிறது, அந்தத் தருணத்தைத்தான் கண்ணால் பார்க்கிறோம். காந்தத்தை எடுத்தால் எல்லாம் அடங்கிவிடும். உள்ளே இருக்கும் மேக்னடைட் (ஒருவகை இரும்பு ஆக்சைடு) துகள்கள் சுமார் 10 நானோமீட்டர்தான், அந்த அளவில் வெப்ப அசைவே அவற்றின் காந்தத் திசையைக் கலைத்துவிடுகிறது, அடியில் படியவும் விடுவதில்லை. ஓலியிக் அமிலம் போன்ற ஒரு பூச்சு இருப்பதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் இல்லை.

கூட வந்த துண்டுத்தாள்தான் மோசம். கார் ஷாக் அப்சார்பரில் இருப்பதும் இதே திரவம்தான் என்று போட்டிருக்கிறார்கள். இல்லை. சாதாரண ஷாக் அப்சார்பரில் வெறும் எண்ணெய்தான், சில கார்களில் மட்டும் காந்தத் திரவம் உண்டு, அதுவும் இதைவிடப் பல மடங்கு பெரிய, மைக்ரோமீட்டர் அளவுத் துகள்கள் கொண்ட வேறு திரவம், காந்தப்புலத்தில் கிட்டத்தட்ட திடப்பொருள் போல இறுகிவிடும். ஃபெரோஃப்ளூயிட் முள் முளைத்து நின்றாலும் திரவமாகவேதான் இருக்கும். 1963-இல் நாசாவில் ஸ்டீவ் பேப்பெல் இதை உருவாக்கியது, எடையற்ற நிலையில் ராக்கெட் எரிபொருளைக் காந்தத்தால் இன்ஜின் பக்கம் இழுக்க முடியுமா என்று பார்க்கத்தான். இன்று ஒலிபெருக்கியின் காயிலைச் சுற்றி நின்று சூட்டைக் கடத்துகிறது, வெற்றிட இயந்திரங்களில் சுழலும் தண்டைச் சுற்றி ஒரு திரவ வளையமாகக் காற்றைத் தடுக்கிறது. இத்தனை நல்ல விஷயம் கைவசம் இருக்க, தாளில் தப்பானதை ஏன் அச்சடிக்க வேண்டும்?

தரம் எங்கே தெரியும் என்றால், கண்ணாடியில். இதற்கு முன் வேறோர் இடத்தில் வாங்கிய குப்பியில் சீக்கிரமே பழுப்புக் கறை படிந்து, உள்ளே நடப்பதே தெரியாமல் போய்விட்டது. கறுப்புத் திரவம் கண்ணாடியில் ஒட்டாமல் இருக்க உட்புறத்தை நன்றாகத் தயார்செய்திருக்க வேண்டும், வெளி நீர்மமும் பொருத்தமாக இருக்க வேண்டும், கஷ்டமான வேலையே அதுதான். வந்ததும் திரவத்தைக் காந்தத்தால் சுவரோரம் ஏற்றி இறக்கிப் பாருங்கள், அது போன தடம் துளியும் தெரியக்கூடாது. இதில் தெரியவில்லை. போக்குவரத்தில் குலுங்கிச் சின்னச் சின்னத் துளிகளாக உடைந்து வந்தால் பயப்படாதீர்கள், காந்தத்தைக் காட்டினால் கூடிவிடும். விளையாடி முடித்ததும் காந்தத்தைக் குப்பியோடு ஒட்டியே விட்டுவிடாதீர்கள்.

ஒரு குறை, காந்தத்துக்கு உறையே இல்லை. கண்ணாடியில் டக்கென்று மோதுகிறது, நான் துணி ஒட்டிக்கொண்டேன். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் அதன் பக்கமே போகக்கூடாது, அந்த எச்சரிக்கையும் தாளில் இல்லை.

திறந்த திரவமாகத் தனியே விற்பதை வாங்காதீர்கள், துணியில் பட்டால் கறை போகாது. குப்பியிலேயே அகலமானதாக எடுங்கள், ஒடுக்கமானதில் முட்கள் விரிய இடமில்லை.