சிறுவர் கைமணிக்கூடு: மூன்று மாதப் பயன்பாட்டின் பின்

தரம் 6 படிக்கும் எங்கள் மகள், கல்வியங்காட்டிலிருந்து திருநெல்வேலியில் நடக்கும் தனியார் வகுப்புக்கு இனித் துவிச்சக்கர வண்டியில் தனியே போவேன் என்று பிடிவாதமாக நின்றதால், சிம் அட்டை போடும் இந்தக் கைமணிக்கூட்டை யாழ்ப்பாண நகரக் கடையொன்றில் 14,500 ரூபாவுக்கு வாங்கினேன்.

இதில் காசுக்குப் பெறுமதியானது அழைப்புப் பொத்தான்தான். சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால், பதிந்து வைத்த இலக்கங்களுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அழைப்புப் போகிறது. ஆடியபாதம் வீதியில் செயின் கழன்ற அன்று அவள் அதை அழுத்தி, "அப்பா, வர வேண்டாம், நானே போட்டிட்டன், கொஞ்சம் பிந்தித்தான் வருவன்" என்றாள். மாலையில் மணிக்கூட்டின் கண்ணாடியில் கறுத்த கிறீஸ் விரலடையாளம் இருந்தது. மின்கலம் ஒரு நாளைக்குத் தாங்கும். வார் வியர்வைக்குக் கடிக்கிறது.

இடங்காட்டும் வசதியை அவ்வளவாக நம்பக் கூடாது. செய்மதிச் சமிக்ஞை திறந்த வெளியில் சில மீற்றர் பிசகுடன் இடத்தைக் காட்டினாலும், கூரைக்குள் போனதும் மணிக்கூடு தொலைபேசிக் கோபுரத்தை வைத்து மதிப்பிடுவதால், பிசகு நூற்றுக்கணக்கான மீற்றராகிவிடுகிறது. அவள் தகரக் கொட்டகை வகுப்பில் இருந்த ஒரு மாலை, வரைபடத்தில் அவளைக் காட்டும் புள்ளி, வாழைத்தோட்டம் ஒன்றின் நடுவே அசையாமல் நின்றது. பதறியடித்துக்கொண்டு போய்ப் பார்த்தால், இரண்டாம் வாங்கில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. வீடு வரும்வரை அவள் என்னோடு பேசவில்லை.

பிள்ளை அறியாமலே சுற்றுச் சத்தத்தைக் கேட்கும் வசதியும் உண்டு. இத்தகைய சிறுவர் மணிக்கூடுகளின் விற்பனையை ஜெர்மனி 2017ஆம் ஆண்டிலேயே தடைசெய்தது. அங்கே பெற்றோர் வகுப்பறையில் ஆசிரியர் பேசுவதைக்கூட ஒட்டுக்கேட்டிருக்கிறார்கள். நானும் ஒருமுறை திறந்தேன். மகளும் தோழியும் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு வெட்கமாகிவிட்டது, அன்றே அதை முடக்கினேன்.

எனக்குப் பத்து வயதான 1994இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. "விளக்கு வைக்க முதல் வந்திடு" என்ற ஒரு சொல்லோடு அம்மா எங்களை விட்டுவிடுவார். பயமில்லாமல் விட்டார் என்று சொல்ல மாட்டேன். குண்டுபோடும் பொம்மர் விமானத்தின் சத்தம் கேட்டால் படலையில் வந்து நிற்பார். ஆனால் வேலிப் பொட்டுக்குள்ளால் வீட்டுக்கு வீடு போய்வந்த காலத்தில், எந்த வளவில் நின்றாலும் எங்களைக் கண்ட ஒருவர் இருந்தார். இன்று கிடுகுவேலி நின்ற இடங்களில் ஆளுயர மதில்கள் எழுந்துவிட்டன. ஒழுங்கையில் ஒரு பிள்ளை விழுந்தால் எட்டிப்பார்க்க ஆளில்லை என்பதால், இன்றைய பெற்றோரின் பயத்தை வீண்பயம் என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை.

ஆகவே, அந்தப் பொத்தானுக்காக இதை வாங்கலாம் என்பேன். வரைபடத்தைப் பற்றி மகளோடு இருந்து பேசி ஒரு முடிவுக்கு வந்தோம்: மாலை 6 மணி தாண்டியும் அவள் அழைக்காவிட்டால் மட்டுமே திறப்பேன். இதுவரை இரண்டு முறை திறந்தேன். இரண்டு முறையும் அவளிடம் சொன்னேன்.